குழாய் முறிவதற்கு முன்: டிரில் ஸ்டிரிங் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கண்டறிதல்

எண்ணெய்க் கிணற்றுக்குள் மூன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், துளையிடும் குழாய்த்தொடரான டிரில் ஸ்டிரிங்கில் ஒரு குழாய் முறிவதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. டிரில்லருக்குத் தெரிவதெல்லாம் முன்னால் இருக்கும் நான்கு முள்கள்தான்: ஹூக் லோடு (கொக்கியில் தொங்கும் எடை), டார்க் (முறுக்குவிசை), பம்ப் அழுத்தம், சுற்று வேகம். எந்த முள் எப்படி அசைந்தால் கீழே என்ன நடந்திருக்கும், உடனே என்ன செய்ய வேண்டும், அடுத்த கிணற்றுக்கான வடிவமைப்பில் எதைத் திருத்த வேண்டும் என்ற வரிசையில் இதை எழுதியிருக்கிறேன்.

குழாய் முறிந்தால் “பைப் தாங்கவில்லை” என்று சொல்லிவிட்டு வலுவான ரகத்துக்குத் தாவுவது ரிக்குகளில் வழக்கம். அதிகச் சுமையால் அறுந்துபோகும் குழாய் குறைவு. பெரும்பாலானவை உலோகச் சோர்வால், அதாவது தாங்கக்கூடிய சுமையையே லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வாங்கி முறிகின்றன. சோர்வை வலுவான ரகம் குணப்படுத்துவதில்லை.

கணக்குக்கு ஒரே ஸ்டிரிங்கைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். செங்குத்துக் கிணறு, மட் (குழாய் வழியே பம்ப் செய்யும் துளையிடு திரவம்) அடர்த்தி 1.20. மேலே அடிக்கு 19.5 பவுண்டு என்று குறிக்கப்படும் 5 அங்குல டிரில் பைப் 11,000 அடி. டூல் ஜாயின்ட்களையும் (குழாய் முனைகளில் உள்ள மரை இணைப்புகள்) சேர்த்தால் அது அடிக்குச் சுமார் 22 பவுண்டு வரும். அதன் கீழே அடிக்கு 50 பவுண்டு ஹெவிவெயிட் (தடித்த சுவர்க் குழாய்) 900 அடி, அதற்கும் கீழே அடிக்கு 92 பவுண்டு எடையுள்ள 6½ அங்குல காலர் (துளைக்கும் முனையான பிட் மீது எடை வைக்கும் கனத்த குழாய்) 360 அடி. காற்றில் மொத்தம் 145 டன். எஃகின் அடர்த்தி 7.85; மிதப்புக் காரணி 1 − 1.20 ÷ 7.85 = 0.847 என்பதால் மட்டுக்குள் 123 டன்.

ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் ஐந்து எண்களை எழுதி வையுங்கள்: மேலே இழுக்கும்போது எடை, இறக்கும்போது எடை, அடியைத் தொடாமல் சுற்றும்போது எடை, அப்போதைய டார்க், குறிப்பிட்ட ஸ்ட்ரோக்கில் பம்ப் அழுத்தம். இந்தக் குறிப்பு கையில் இல்லையென்றால் கீழே உள்ள எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அறிகுறி: ஸ்ட்ரோக் மாறவில்லை, பம்ப் அழுத்தம் மெல்லக் குறைகிறது

இரண்டு மணி நேரத்தில் 2,600 பிஎஸ்ஐ 2,450 ஆகிறது. பம்ப் ஸ்ட்ரோக் அதேதான், மட் அடர்த்தியும் அதேதான். முதல் சந்தேகம் பம்ப்மீது வரட்டும், ஆனால் அங்கேயே தங்கிவிட வேண்டாம். ஒரு பம்ப்பை நிறுத்தி மற்றதைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். வால்வு, லைனர், உறிஞ்சும் பக்கம், தரையில் மட் திரும்பிக் கசியும் வால்வுகள் எல்லாவற்றுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். டர்பைனில் ஓடும் எம்டபிள்யூடி கருவி (துளையிடும்போதே அளக்கும் கருவி) கீழே இருந்தால் அதன் சுழற்சியைப் பாருங்கள். தரையில் ஓட்டம் சரியாக இருந்தும் டர்பைன் வேகம் குறைந்திருந்தால், மட் கருவியை எட்டுவதற்கு முன்பே வேறு வழியில் வெளியேறுகிறது. அதுதான் வாஷ்அவுட்: குழாய்ச் சுவரில் விழுந்த சோர்வு விரிசல் வழியாகவோ, சரியாக இறுகாத ஷோல்டர் (இணைப்பின் இரு பக்கமும் முட்டும் முகம்) வழியாகவோ மட் பீய்ச்சி ஓட்டையை அரித்துப் பெரிதாக்குகிறது.

இங்கே செய்யும் பெரிய தவறு, “இன்னும் ஒரு ஸ்டாண்ட் போட்டுவிட்டுப் பார்ப்போம்” என்பது. துளையிடுவதை நிறுத்துங்கள், சுற்றுவதை நிறுத்துங்கள், தேவைக்கு மேல் பம்ப் செய்யாதீர்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் சுவரின் ஒரு பகுதி ஏற்கனவே போய்விட்டது. அந்த நிலையில் சுற்றினால் அடுத்து ஃபிஷிங்தான், அதாவது முறிந்து கீழே தங்கியதைத் தேடிப் பிடித்து எடுக்கும் வேலை. கிணறு அமைதியாக இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு சுற்றாமல் ஏற்றுங்கள். ஜாயின்ட்களைக் கழற்றும்போதும் ஸ்டிரிங் சுற்றக் கூடாது.

ஏற்றும்போது ஒவ்வொரு டூல் ஜாயின்ட்டின் பக்கத்திலும் கண் இருக்க வேண்டும். ஓட்டை பெரும்பாலும் குழாயின் நடுவில் இருக்காது. ஜாயின்ட்டிலிருந்து அரை மீட்டர் அளவுக்குள், உள்ளே தடித்த சுவர் மெல்லியதாக மாறும் இடத்திலும், ஸ்லிப் (தளத்தில் குழாயைப் பற்றித் தொங்கவிடும் பற்களுள்ள ஆப்பு) கடிக்கும் இடத்திலும்தான் இருக்கும். தடிப்பு மாறும் இடத்தில் வளைவுச் சுமை குவிகிறது, ஸ்லிப் பல் விட்ட கீறல் விரிசலுக்கு வாசல் திறந்துவிடுகிறது.

ஓட்டையான குழாயை ஒதுக்கிவைத்துவிட்டு அதே ஸ்டிரிங்கை மறுபடி இறக்கினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ஒரு குழாயில் சோர்வு வந்தால் அதன் அண்டை அயலிலும் வந்திருக்கும், அவை எல்லாம் அதே வளைவைக் கடந்துதான் சுற்றியிருக்கின்றன. நிமிடத்துக்கு 120 சுற்று என்றால் ஒரு நாளில் 1,72,800 சுற்று. கிணற்றின் வளைவுக்குள் இருக்கும் குழாய் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் அமுங்குகிறது. வடிவமைப்பில் பார்க்க வேண்டியது வளைவு எவ்வளவு என்பதோடு முடிவதில்லை. அது எந்த ஆழத்தில் இருக்கிறது, அந்த இடத்தில் குழாயில் எவ்வளவு இழுவிசை இருக்கிறது என்பதும் சேர வேண்டும். ஆர்தர் லுபின்ஸ்கி இதை 1961இலேயே கணக்காகக் கொடுத்துவிட்டார். 30 மீட்டருக்கு 3 டிகிரி திரும்பும் வளைவு கிணற்றின் அடியில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதே வளைவு 500 மீட்டர் ஆழத்தில், கீழே நூறு டன் தொங்கும் இடத்தில் இருந்தால் குழாய் சீக்கிரம் சோர்ந்துவிடும். மேல்பகுதியில் வளைவு விழுந்திருந்தால் அடியைத் தொடாமல் நெடுநேரம் சுற்றுவதைக் குறையுங்கள். இழுவிசை மிக அதிகமாக இருப்பது அப்போதுதான். அந்த இடத்தில் சுற்றிய குழாய்களைக் குறித்துவைத்து ஸ்டிரிங்கில் இடம் மாற்றுங்கள்.

அறிகுறி: ஹூக் லோடும் அழுத்தமும் ஒரே நொடியில் விழுகின்றன

முறிந்துவிட்டது. எங்கே என்பதை ஹூக் லோடே ஓரளவு சொல்லிவிடும். நம் ஸ்டிரிங்கில் ஹெவிவெயிட், காலர் இரண்டும் சேர்ந்து மட்டுக்குள் 30 டன். அடியைத் தொடாமல் சுற்றும் எடையிலிருந்து சரியாக 30 டன் குறைந்திருந்தால் முறிவு டிரில் பைப்பும் ஹெவிவெயிட்டும் சேரும் இடத்தில். 13 டன்னுக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் காலரின் உச்சியில். விறைப்பு திடீரென மாறும் இடங்களே இவை என்பது தற்செயல் அல்ல.

மேலே வந்த முனையைக் கழுவுவதற்கு முன் பாருங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்காதவர்கள் பிறகு பத்து நாள் காரணம் தேடுவார்கள்.

முறிவு முகம் தட்டையாக, குழாயின் அச்சுக்குக் குறுக்காக இருக்கிறதா? அதில் அலை வடிந்த கடற்கரை மணலில் இருப்பதுபோல் அடுக்கடுக்கான வரிகள் தெரிகின்றனவா? அது சோர்வு. வரிகள் தொடங்கும் புள்ளியே விரிசல் பிறந்த இடம். அங்கே ஸ்லிப் கீறலோ, துருக்குழியோ, மரையின் அடிப்பள்ளமோ இருக்கும். முகம் சுருங்கிக் கழுத்துப் பிடித்ததுபோல் இருந்தால் இழுத்து அறுத்திருக்கிறோம். குழாய் முறுக்கிய துணிபோல் திருகியிருந்தால் டார்க் மிஞ்சியது. எந்தச் சிதைவும் இல்லாமல் கண்ணாடிபோல் உடைந்திருந்தால் கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

காலரின் பின் (ஆண் மரை முனை) முறிந்திருந்தால், பாக்ஸுக்குள் (பெண் மரை முனை) கடைசியாகப் பொருந்தும் மரையில், அதாவது ஷோல்டருக்கு மிக அருகில் முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாக்ஸ் பக்கம் விரிசல் என்றால் அதன் உள்ளே ஆழத்தில், பின் மரை முடியும் இடத்தில் இருக்கும். காலர் குழாயைவிடப் பல மடங்கு விறைப்பானது. உடம்பு வளையாது, வளைய வேண்டியதை எல்லாம் மரையிடம் தள்ளிவிடும்.

இளம் பொறியாளனாக நான் இருந்த ஒரு ரிக்கில் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு காலர் பின்கள் இப்படிப் போயின. முதல் முறை காலர்மீது பழி போட்டோம், இரண்டாம் முறை மரை வெட்டிய பட்டறைமீது. டாங் (இணைப்பை இறுக்கும் பெரிய குறடு) இழுவை மீட்டர் இரண்டு முறையும் அட்டவணையில் இருந்த எண்ணைத்தான் காட்டியிருந்தது. மூன்றாம் முறை காலர் இறக்கும்போது தளத்தில் நெடுங்காலம் இருந்த ஒரு டாப்மேன் என் தோளைத் தொட்டு, “சார், மீட்டரைப் பார்த்தது போதும், இந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்” என்றார். பார்த்தேன். டாங்கின் இழுகம்பி வேறொரு தூணில் கட்டப்பட்டிருந்தது. டாங் கைக்கும் கம்பிக்கும் 90 டிகிரி இருக்க வேண்டும். அங்கே 50க்கு மேல் இருக்காது. 50 டிகிரியின் சைன் 0.77. மீட்டர் காட்டியது கம்பியின் இழுவை. மரைக்குப் போன டார்க் அதில் முக்கால் பங்கைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான்.

இறுக்கம் குறைந்தால் ஏன் முறிகிறது? இறுக்கும்போது பின் இழுபட்டு, ஷோல்டர் முகங்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கின்றன. அந்தப் பிடி இருக்கும்வரை வளைவுச் சுமையின் பெரும்பகுதியை ஷோல்டரே வாங்கிக்கொள்ளும். பிடி தளர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஷோல்டர் ஒரு மயிரிழை திறந்து மூடும். அந்த அசைவு முழுவதும் கடைசி மரைக்குப் போகும்.

ஆகவே பின் முறிவுக்குச் சரிபார்க்கும் வரிசை இது. முதலில் கம்பியின் கோணம், டாங் கையின் நீளம், மீட்டரின் அளவுத்திருத்தம். அடுத்து மரைக்குப் பூசும் டோப்: உராய்வுக் காரணி 1.1 கொண்ட டோப்புக்கு அட்டவணை எண்ணைவிடப் பத்து சதவீதம் அதிக டார்க் வேண்டும், அது டப்பாவிலேயே அச்சிடப்பட்டிருக்கும். குழாய்க்கென்று வந்த டோப்பைக் காலருக்குப் பூசக் கூடாது, மணல் கலந்ததை எதற்கும் பூசக் கூடாது. மூன்றாவது பாக்ஸ், பின் இவற்றின் வளைவு வலிமை விகிதம். பின்னைப்போல் இரண்டரை மடங்கு பாக்ஸ் இருந்தால் சமநிலை என்பது பழைய விதி. காலரின் வெளிவிட்டம் தேயத் தேய இந்த விகிதம் இறங்கி, பலவீனம் பாக்ஸுக்கு மாறிவிடும். கடைசியாக, தகைவைத் தளர்த்தும் பள்ளம் பின்னிலும், அதே வேலையைச் செய்யும் போர்பேக் பாக்ஸிலும் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காலர் வாங்கும்போது இவற்றைக் கேட்டு வாங்காமல் பிறகு வருந்துகிறவர்கள் உண்டு.

அறிகுறி: கழற்றும்போது மரை நீண்டிருக்கிறது, பாக்ஸ் வாய் விரிந்திருக்கிறது

இது மேலே சொன்னதற்கு நேர்மாறு. தரையில் இறுக்கியதைவிடக் கீழே அதிக டார்க் கிடைத்து, துளைக்குள்ளேயே ஜாயின்ட் மேலும் இறுகியிருக்கிறது. கழற்ற வழக்கத்தைவிட அதிக விசை வேண்டியிருப்பதே முதல் அடையாளம். மரை அளவியை வைத்துப் பாருங்கள். 2 அங்குல நீளத்தில் 0.006 அங்குலத்துக்கு மேல் பின் நீண்டிருந்தால் மரையை மறுபடி வெட்ட அனுப்புங்கள். துளையிடும் டார்க் இறுக்கிய டார்க்கைத் தாண்டக் கூடாது என்பதுதான் வடிவமைப்பு விதி. டிரில்லரின் டார்க் வரம்பை அதற்குக் கீழேயே பூட்டி வையுங்கள்.

அறிகுறி: ஸ்டிரிங் சிக்கிவிட்டது, எவ்வளவு இழுக்கலாம்?

இந்தக் கேள்விக்கு விடை சிக்கிய பிறகு தேடுவதல்ல, ஸ்டிரிங்கை இறக்குவதற்கு முன் பலகையில் எழுதி வைப்பது.

நம் ஸ்டிரிங்கின் மேல் குழாய் ‘பிரீமியம்’ வகுப்பு, அதாவது சுவரில் குறைந்தது 80 சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்று கொள்வோம். குழாயில் இரண்டு வெள்ளைப் பட்டை இருக்கும். ஒரு மஞ்சள் பட்டை என்றால் அது இரண்டாம் வகுப்பு, அதற்கு இந்தக் கணக்கு செல்லாது. பிரீமியம் குழாயின் நெகிழ்வு வரம்பு இ-75 ரகத்தில் 141 டன், எக்ஸ்-95இல் 179, ஜி-105இல் 198, எஸ்-135இல் 254. அதில் 90 சதவீதத்தை எடுத்து, தொங்கும் 123 டன்னைக் கழித்தால் மிஞ்சுவது ஓவர்புல், அதாவது கூடுதலாக இழுக்கக்கூடிய அளவு: இ-75க்கு 4 டன், எக்ஸ்-95க்கு 38, ஜி-105க்கு 55, எஸ்-135க்கு 106. இ-75 எடையைத் தாங்கிவிடுகிறது என்று சொல்லி அதை இறக்குவது மாதக் கடைசியில் பர்ஸில் நாலு ரூபாய் வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புவதுபோல. பொதுவாக 25 முதல் 45 டன் வரை கையிருப்பு வைப்பார்கள். இந்தக் கிணற்றுக்கு ஜி-105ஐத் தேர்ந்தெடுப்பேன். எஸ்-135 வரை போகத் தேவையில்லை.

மீட்டரில் காட்டும் ஹூக் லோடில் பிளாக் (கப்பி), டாப் டிரைவ் (ஸ்டிரிங்கைச் சுற்றும் மோட்டார்) ஆகியவற்றின் எடையும் சேர்ந்திருக்கும். அதைக் கழிக்க மறந்தால் குழாயைவிட மீட்டர் முன்பே எச்சரிக்கும், நீங்கள் அடைந்துவிட்டதாக நினைக்கும் வரம்பு உண்மையில் இன்னும் தூரத்தில் இருக்கும். இரண்டு முறை கழித்துவிட்டால் ஆபத்து எதிர்ப்பக்கம்.

இழுத்துக்கொண்டே முறுக்குவது வேறு கணக்கு. இழுவைத் திறனில் 60 சதவீதத்தைப் பயன்படுத்தினால் குழாய்க்கு முறுக்குத் திறனில் 80 சதவீதம் மிஞ்சும். 80 சதவீதத்தைப் பயன்படுத்தினால் 60தான் மிஞ்சும். பள்ளிக்கூடத்து 3-4-5 முக்கோணம்தான். சிக்கலை விடுவிக்கும் அவசரத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் வரம்புக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒரு சிக்கலை இரண்டாக்குகிறார்கள்.

எங்கே சிக்கியிருக்கிறது என்பதை நீட்சியை வைத்து ஊகிக்கலாம். தொங்கும் எடைக்கு மேல் 20 டன் கூட்டி இழுக்கும்போது குழாயில் போட்ட சாக்பீஸ் குறி 80 செ.மீ. ஏறினால், இந்த 5 அங்குலக் குழாய் சுமார் 2,870 மீட்டர்வரை சுதந்திரமாக இருக்கிறது. சுவர் தேய்ந்த குழாய் கூடுதலாக நீளும். ஆகவே தேய்மானத்தைச் சேர்க்காமல் போட்ட கணக்கு உண்மையைவிட ஆழமான இடத்தைக் காட்டும்.

அறிகுறி: டார்க் முள் ஊசலாடுகிறது

ஊசலின் தாளத்தைக் கவனியுங்கள். சில விநாடிகளுக்கு ஒரு முறை, கடிகாரம்போல் ஒழுங்காக ஏறி இறங்கினால் அது ஸ்டிக்-ஸ்லிப். மேலே நிமிடத்துக்கு 100 சுற்று நிதானமாக ஓடும்; கீழே பிட் நின்று, ஸ்டிரிங் ரப்பர்போல் முறுக்கேறி, பிட் திடீரென விடுபட்டு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் பாயும். காவிரிப் படுகையின் கெட்டியான அடிப்பாறையில் பிடிசி பிட் (செயற்கை வைரப் பற்கள் கொண்டது) வைத்துத் துளைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையிருக்காது. மருந்து: பிட் மீதான எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுங்கள்.

தாளமே இல்லாமல் டார்க் நடுங்கி, மேலே வந்த காலரும் ஸ்டெபிலைசரும் (ஸ்டிரிங்கைத் துளையின் நடுவில் வைக்கும் கருவி) ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் அது பக்கவாட்டுச் சுழல். அதற்கு மருந்து நேர்மாறு: வேகத்தைக் குறைத்து எடையைக் கூட்டுங்கள். முதல் நோய்க்கு இரண்டாம் மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுக் கையை வையுங்கள்.

எடையைக் கூட்டும்போது நடுநிலைப் புள்ளி (அமுக்கம் முடிந்து இழுவிசை தொடங்கும் இடம்) எங்கே போகிறது என்று பாருங்கள். நம் காலர்கள் மட்டுக்குள் 12.7 டன், அதில் 85 சதவீதம், சுமார் 10.8 டன்வரை பிட்டில் வைத்தால் அமுக்கம் காலரோடு நிற்கும். 15 டன் வைத்தால் அது ஹெவிவெயிட்டுக்குள் ஏறும்; அதற்கென்றே செய்த குழாய் என்பதால் பொறுத்துக்கொள்ளும். செங்குத்துக் கிணற்றில் டிரில் பைப்வரை ஏறவிடக் கூடாது, அது நெளிந்தபடியே சுற்றிச் சோர்ந்துபோகும். சாய்ந்த கிணற்றில் குழாய் துளையின் கீழ்ச்சுவரில் படுத்திருப்பதால் ஓரளவு அமுக்கத்தைத் தாங்கும், அதற்குத் தனிக் கணக்கு உண்டு.

அறிகுறி: ஸ்லிப் வைத்த இடத்தில் குழாய் கழுத்து நெரிந்திருக்கிறது

ஸ்லிப் குழாயைத் தாங்குவதோடு நிற்காமல் நெரிக்கவும் செய்கிறது. 5 அங்குலக் குழாயில் 16 அங்குல ஸ்லிப் என்றால், வழக்கமான உராய்வு எண்ணான 0.08ஐ வைத்து, தொங்கும் சுமையை 1.42ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். 12 அங்குல ஸ்லிப் என்றால் 1.59ஆல். நம் ஜி-105 பிரீமியத்தின் 198 டன்னை 1.42ஆல் வகுத்தால் 139 டன், 1.59ஆல் வகுத்தால் 124 டன். தொங்குவது 123. இழுக்கும்போது 55 டன் கையிருப்பு வைத்திருந்த அதே குழாய் குட்டை ஸ்லிப்பில் வரம்பின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது! நீளமான ஸ்லிப்பை எடுங்கள். தேய்ந்த பற்களையும் தேய்ந்த மாஸ்டர் புஷிங்கையும் (ஸ்லிப் உட்காரும் வளையம்) மாற்றுங்கள். குழாய் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்லிப்பை உதைத்துப் பிரேக்காகப் பயன்படுத்தும் பழக்கத்தைத் தளத்திலிருந்து ஒழியுங்கள். அப்போது ஏறும் திடீர்ச் சுமை எந்த அட்டவணையிலும் இல்லை.

அறிகுறி: டூல் ஜாயின்ட்டில் நீளவாக்கில் நுண்ணிய கீறல்கள்

பாக்ஸின் வெளிப்புறம் கடினமான சுவரில் அழுந்திச் சுற்றி, உராய்வில் சூடேறி, மட் பட்டதும் சட்டென்று குளிர்ந்ததன் தழும்பு இது. கண்ணுக்குத் தெரியாததையும் காந்தத்துகள் சோதனை காட்டும். கீறல் விழுந்த பாக்ஸ் பிறகு நீளவாக்கில் பிளக்கும். பக்கச்சுமையைக் குறைப்பதுதான் வழி: வளைவைச் சீர்செய்வது, மட்டில் வழுக்குத்தன்மை சேர்ப்பது, கேஸிங்குக்குள் (கிணற்றின் எஃகு உறை) ரப்பர் காப்புகள் போடுவது.

அறிகுறி: சுமையே இல்லாதபோது குழாய் உடைகிறது

இழுவை வரம்பில் பாதிகூட இல்லை, திடீரென்று உடைகிறது. முறிவு முகத்தில் நெளிவோ சுருக்கமோ இல்லை. மட்டில் அழுகிய முட்டை நாற்றம் இருந்ததா, உணரி ஒலித்ததா என்று கேளுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும் இடத்தில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் பொருளாக்கிவிடுகிறது. எஃகு எவ்வளவு கடினமோ அவ்வளவு ஆபத்து. இவ்வகைக் கிணறுகளுக்கான பொதுவான கடினத்தன்மை வரம்பு ராக்வெல் சி அளவில் 22. எஸ்-135 அதைத் தாண்டி வெகுதூரத்தில் இருக்கிறது. அமீரகத்தின் ஷா எரிவாயு வயல்போல வாயுவில் கால் பங்குக்கு நெருக்கமாக ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும் இடங்களில் வேலைக்குப் போகிறவர்கள், ‘வலுவான குழாயைப் போடுவோம்’ என்ற நம் வழக்கமான பதிலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

உடனடியாக மட்டின் பிஎச் 10க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, சல்ஃபைடைப் பிடிக்கும் வேதிப்பொருளைச் சேருங்கள். ஏற்றும்போது மேலே வந்த குழாய்களில் கவனமாக இருங்கள். ஆழத்தில் சூடாக இருக்கும்போது தாக்குப்பிடித்த குழாய், குளிர்ந்த மேல்பகுதிக்கு வந்ததும் உடையலாம். இந்த விரிசலுக்குச் சாதாரண வெப்பநிலையே மிகவும் ஏற்றது. அந்தக் கிணற்றில் ஓடிய எஸ்-135 குழாய்களைத் தனியே அடுக்கி, பரிசோதனை முடியும்வரை வேறு கிணற்றுக்கு அனுப்பாதீர்கள். அடுத்த ஸ்டிரிங்கை எக்ஸ்-95 அல்லது சல்ஃபைடுக்கென்றே தயாரிக்கப்படும் ரகங்களை வைத்துப் போடுங்கள். அதனால் குறையும் ஓவர்புல்லை ஈடுகட்ட, மேல் 1,000 மீட்டருக்குத் தடித்த சுவர்க் குழாயை வைத்து எடைக் கணக்கை முதலிலிருந்து போடுங்கள்.